பல்லுக்குத் தெரியும்

போன வருஷம் துபாயில் 13,000 அடி உயரத்திலிருந்து குதித்தேன். தைரியமெல்லாம் இல்லை. பயிற்சியாளரோடு சேர்த்து பெல்ட் போட்டுக் கட்டிவிட்டார்கள். அவர் குதித்தால் நானும் குதித்தாக வேண்டும்! பாராசூட் விரியும்வரை சுமார் ஒரு நிமிடம், மணிக்கு 190 கி.மீ. வேகம். எதிரே இன்னொருவரும் விழுந்துகொண்டே எங்களைப் படமெடுத்தார். ஹெல்மெட்டில் இரண்டு கேமரா.

கால் நடுக்கம் நின்றதும் அவரைப் பிடித்துக்கொண்டேன். 200 முறை குதித்த பிறகுதான் கேமராவையே தொட்டாராம். முதலில் வீடியோ மட்டும். விமானத்திலேயே ஆன் செய்துவிட்டு, தலையை ஆட்டாமல் விழவேண்டும். ஸ்டில் அப்புறம்தான். காற்றில் கைகள்தான் இறக்கை. பட்டனை அமுக்க முடியாது. அதனால் ஸ்விட்ச் வாய்க்குள். பல்லால் கடித்தால் க்ளிக். எப்போது கடிப்பது என்பதில்தான் வித்தை.

பி.காம். பாஷையில் சொன்னால், வீடியோ தினசரி எழுதும் குறிப்பேடு. ஸ்டில், மார்ச் 31 பேலன்ஸ் ஷீட்.

1988-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில், 800 முறைக்கு மேல் குதித்த ஒருவர், மற்றவர்களை வீடியோ எடுக்கும் மும்முரத்தில் பாராசூட் மாட்டாமலே குதித்துவிட்டார். கேமரா கடைசிவரை ஓடியிருக்கிறது. அதைச் சொன்னபோது இவர் சிரிக்கவில்லை. ‘ஒவ்வொரு தடவையும் வாரைத் தொட்டுப் பார்த்துக்குவேன்’ என்றார்.

வீட்டில் வீடியோ போட்டேன். கட்டைவிரலைத் தூக்கிச் சிரிக்கிறேன். பெருமையாக இருந்தது. ஃபோட்டோவைப் பார்த்த மனைவி, ‘‘கண்ணை இறுக்கி மூடிட்டு இருக்கீங்களே!’’ என்றாள்.

எது நிஜம் என்று அந்தப் பல்லுக்குத் தெரிந்திருக்கிறது.