சீட்டு வரலைன்னா பணம் போகலைன்னு அர்த்தமா?

சித்தூரிலிருந்து அப்பாவை அக்கா திருப்பதிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தாங்க. ஒரு கண்ணில் புரை, மறுநாள் காலை ஆபரேஷன். துபாயில் உட்கார்ந்து நான் பணம் அனுப்பினேன். திரையில் 'எரர்'. ரெஃபரன்ஸ் நம்பர் வர வேண்டிய இடம் காலி. சரி, போகலை போலன்னு மறுபடி அனுப்பினேன். ரெண்டுமே போயிடுச்சு! வாடகைக்கு வச்சிருந்ததும் காலி.

நானே பேங்க்காரன்தான். ஆனா படிச்சது பி.காம் ஆச்சே! பொட்டி தட்டுற நண்பர் ஒருத்தரைப் பிடிச்சேன். இப்படித்தான் நடந்திருக்கணும்னு விளக்கினார்.

ஆரக்கிளில் ஸ்டோர்டு ப்ரொசீஜர் தன் பதிலை 'அவுட்' பாராமீட்டரில் தருமாம். உள்ளே நம்பரைப் போட்டிருந்தாலும், யாரும் பிடிக்காத எரரோடு அது வெளியே வந்தால், பொதுவா அந்த நம்பர் கூப்பிட்ட இடத்துக்கு வந்து சேராது. பற்று எழுதி, கமிட்டும் ஆன பிறகு எஸ்எம்எஸ் அனுப்பும் வரியில் எரர் வந்தால்? பணம் போயாச்சு, நம்பர் மட்டும் வராது. எரரை உள்ளேயே பிடிச்சு, ஒரு ஸ்டேட்டஸ் கோடோடு ஒழுங்கா முடிச்சிருந்தால் நம்பரும் வந்திருக்கும்.

நம்ம பாஷையில் சொன்னா, கேஷியர் புத்தகத்தில் எழுதிட்டார்; சலானில் முத்திரை குத்தறதுக்குள் மயங்கி விழுந்துட்டார். கையில் சீட்டு இல்லை, கணக்கில் வரவு இருக்கு.

அதனால் மக்களே, பதில் காலியா வந்தா மறுபடி அமுக்காதீங்க. முதலில் ஸ்டேட்மென்ட் பாருங்க.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு அப்பா போனில் கேட்டது: "ஏன்டா, ரெண்டு கண்ணுக்கும் சேர்த்து அனுப்பிட்டியா?" :-)