மண்டபம்: கரை சேர்ந்தும் முடியாத பயணம்

ராமேசுவரம் செல்லும் ரயில் பாம்பன் பாலத்தை நெருங்கும் முன் 'மண்டபம் கேம்ப்' என்ற சிறிய நிலையத்தைக் கடக்கிறது. யாத்திரிகர்களின் கண்கள் கடலைத் தேடுகின்றன. நிலையத்தின் பெயரில் ஒட்டியிருக்கும் 'கேம்ப்' என்ற சொல் பலர் கவனத்துக்கு வருவதே இல்லை. ஆனால் நூறு ஆண்டுகளாக இந்த ஊரின் கதையே அதுதான்.

வெள்ளையர் காலத்தில், இலங்கைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட கூலித் தொழிலாளர்களை இங்கே சில நாள் தங்கவைத்து, காலராவும் அம்மையும் இல்லை என்று உறுதிசெய்த பிறகே கப்பலேற்றினார்கள். இந்திய மண்ணில் இருந்த அந்த முகாமை நடத்தியது இலங்கை அரசு. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்துக்குப் பின் பயணத்தின் திசை மாறியது. தோட்டத் தொழிலாளர்களின் வாரிசுகள் தாயகம் திரும்பியவர்களாக இதே மண்ணில் இறங்கி, நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கும் நூற்பாலைகளுக்கும் பிரிந்து போனார்கள். அவர்கள் கையில் இந்திய பாஸ்போர்ட் இருந்தது.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் வந்தவர்களிடம் அது இல்லை. படகில் தப்பிவந்தவர்களை மண்டபத்தில் பதிவு செய்து, தமிழகமெங்கும் உள்ள முகாம்களுக்கு அனுப்பினார்கள். அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள் வந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் அதிகம். பலர் திரும்பிவிட்டார்கள். 2021-ல் முகாம்களில் இருந்தவர்கள் சுமார் 58,000 பேர்.

இவர்களுக்கு உதவி கிடைக்காமல் இல்லை. மாத உதவித்தொகையும் ரேஷனும் உண்டு. செல்வநாயகத்தின் மகன் சந்திரஹாசன் 1984-ல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், அகதிகளையே தொண்டர்களாக்கிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 317 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. இடிந்த வீடுகளுக்குப் பதிலாக 7,469 புதிய வீடுகள் என்றது. 'அகதிகள் முகாம்' என்ற பெயரையும் 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது.

மாறாதது ஒன்று உண்டு. தலைக்கணக்கு எடுக்கும் நாளில் ஆள் முகாமில் இருந்தாக வேண்டும். பட்டம் பெற்ற இளைஞரும் பெயின்ட் அடிக்கப் போகிறார். குடியுரிமை இல்லாதவருக்கு அரசு வேலை கிடையாது. 2019-ன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவில்லை. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்தவர்களை, பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து 2025-ல் மத்திய அரசு விலக்கியது. அது நிம்மதி; குடியுரிமை அல்ல.

1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டு நீதிமன்றம் போனார். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்பது சட்டம். 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவருக்கு பாஸ்போர்ட் தரச் சொன்னது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். அதே முகாமில் ஓரிரு ஆண்டு தள்ளிப் பிறந்த பிள்ளைக்கு, பெற்றோர் இருவரும் அகதிகள் என்றால், அந்த உரிமை இல்லை.

2022-ல் இலங்கையில் அரிசியும் பால்மாவும் எட்டாத விலைக்குப் போனபோது மீண்டும் படகுகள் வந்தன. தனுஷ்கோடி மணல்திட்டுகளில் இறக்கிவிடப்பட்ட குடும்பங்களை மண்டபம் மறுபடி ஏற்றுக்கொண்டது. இந்த ஊருக்கு வரவேற்கத் தெரியும். வந்தவர் எந்த ஊர்க்காரர் என்று சொல்லும் பொறுப்பு மட்டும் டில்லியில் இருக்கிறது.