பெட்டிக்கார அண்ணனும் 2,000 ரூபாவும்

அவரை முதன்முதலா பார்த்தப்போ நான் தரம் 9. சம்பளம் போட்டதுக்கு அடுத்த ஞாயிறு. பொகவந்தலாவை டவுன் முழுக்க ஆட்கள். கருவாட்டுக் கடைக்கும் பிளாஸ்டிக் வாளி விற்கிற இடத்துக்கும் நடுவில ஓர் உரச்சாக்கை விரிச்சு பழைய புத்தகங்களைப் பரப்பியிருந்தார். ராணிமுத்து, அம்புலிமாமா, கிழிஞ்ச ராசிபலன், ஓ.எல். கடந்தகால வினாத்தாள். அவருக்குப் பின்னால பச்சைப் பெயின்ட் உரிஞ்ச ஒரு தகரப் பெட்டி, பூட்டோட.

பெட்டிக்குள்ள என்னன்னு கேட்டேன். என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "எவ்வளவு வச்சிருக்க தம்பி?"ன்னார். 120 ரூபா இருந்தது. பெட்டியைத் திறக்காமலேயே, கையை மட்டும் உள்ளே விட்டு, மேலட்டை இல்லாத ஒரு 'பாம்புத் தீவு' எடுத்துத் தந்தார். 100 ரூபா. மிச்சம் 20 ரூபாயில பஸ்ஸுக்குப் போக ஒரு ரோல்ஸ்கூட வாங்க முடியல. ஆனா அன்னைக்கு ராத்திரி இரும்புக்கை மாயாவி என் தலைக்குள்ள ஏறினவர், இன்னும் இறங்கல.

பெட்டிக்கார அண்ணன்னு நாங்கதான் பேர் வச்சோம். கொமிக்ஸ் சேர்க்கிற ஆட்கள் இலங்கையில ரொம்பப் பேர் இல்லை. கொழும்பு, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், கண்டின்னு அங்கங்க ஒருத்தர் ரெண்டு பேர். ஆனா அவரைப் பற்றி எல்லாருக்கும் ஒரு கதை இருக்கும். கொழும்பில பேங்க்ல வேலை செய்யிற ஓர் அண்ணன், அவர் பேரைச் சொன்னாலே "கள்ளன்"னுதான் ஆரம்பிப்பார். 8,000 ரூபா குடுத்து வாங்கின முத்து கொமிக்ஸுக்கு மேலட்டை கலர் போட்டோகொப்பியாம். மட்டக்களப்பில ஒரு வாத்தியார் அவரைக் கடவுள் மாதிரி பேசுவார். அவர் தேடின 11 புத்தகத்தையும் பெட்டிக்கார அண்ணன் ரெண்டு வருஷம் அலைஞ்சு சேர்த்து, மாதா மாதம் தவணையில காசு வாங்கிக்கொண்டு, ஒரு புத்தகம்கூட வேற ஆளுக்கு விற்காம வச்சிருந்து குடுத்திருக்கிறார். இன்னொருத்தர் முற்பணம் கட்டிட்டு ஏழு மாதம் காத்திருந்தவர். ஏழாவது மாதம் புத்தகம் வந்ததாம், கேட்டதைவிட நல்ல கொப்பி.

எனக்கு அவருடைய பாஷை பழகிப்போச்சு. "நல்லா இருக்கு"ன்னா அட்டை இருக்குன்னு அர்த்தம். "சுமார்"னா கரையான். "படிக்கலாம்"னா, கடைசிப் பக்கத்தை நீங்களே கற்பனை பண்ணிக்க வேண்டியதுதான்.

இந்தத் தாள்களுக்கு ஏன் இவ்வளவு அடிபிடின்னு கேட்கலாம். சிவகாசியில முத்து காமிக்ஸ் தொடங்கினது 1972இல. முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவி. பிரிட்டனில 'வேலியண்ட்' என்ற வாரப் பத்திரிகையில 1962இலிருந்து வந்த 'ஸ்டீல் க்ளோ'தான் அது. லூயிஸ் கிராண்டெல்னு ஒரு ஆய்வுகூட உதவியாளன், கை போய் இரும்புக்கை வருது, மின்சாரம் பாய்ஞ்சா கையைத் தவிர உடம்பு மறைஞ்சிடும். மலிவு விலைக்கு மலிவுத் தாளில அச்சடிச்ச புத்தகம். படிச்சு முடிச்சா அடுத்த வீட்டுக்குப் போகும், அங்கிருந்து கடலைக்காரரிடம் போகும். பத்திரப்படுத்தணும்னு யாரும் நினைக்கல. அதுதான் இப்போ விலை.

இலங்கையில இன்னொரு சிக்கல். 1970இல வந்த அரசாங்கம் இறக்குமதிகளை இறுக்கிப் பிடிச்சது. இந்தியச் சஞ்சிகைகளுக்கும் அதே கதிதான். 1977க்குப் பிறகு கதவு திறந்ததும் ஹட்டன் கடைகள் வரைக்கும் புத்தகங்கள் வந்து தொங்கின. வந்ததையும் எங்க ஊர்க் குளிர் சும்மா விடல. பொகவந்தலாவை ஈரத்தில முதல்ல துருப்பிடிக்கிறது நடுவில இருக்கிற பின். துரு தாளைச் சுத்தித் தின்னும், பிறகு நடுப்பக்கம் நாலும் கழன்று விழும். அதனாலதான் மலைநாட்டுக் கொப்பிகளில கதையின் நடு எப்பவும் இருக்காது. மாயாவி ஒரு பக்கத்தில கட்டிப்போட்டுக் கிடப்பார், அடுத்த பக்கத்தில வில்லனைத் துரத்திக்கொண்டு இருப்பார். எப்படித் தப்பினார்னு எனக்கு இன்னும் தெரியாத கதைகள் நாலைந்து இருக்கு.

போலி அட்டையைக் கண்டுபிடிக்கவும் அவரே சொல்லித் தந்தார், அதுதான் வேடிக்கை. லென்ஸ் வச்சுப் பார்த்தா பழைய அச்சில கலர் புள்ளி புள்ளியா ஒழுங்கா நிற்கும். போட்டோகொப்பியில பொடி மினுங்கும், மடிச்ச இடத்தில வெடிச்சு வெள்ளை தெரியும். "அப்போ அந்தக் கொழும்பு அண்ணனுக்கு ஏன் அண்ணே போட்டோகொப்பி குடுத்தீங்க?"ன்னு கேட்டேன். "அவரு கேட்கல, நான் சொல்லல"ன்னார். இதை என்ன கணக்கில வைக்கிறதுன்னு எனக்கு அப்போ தெரியல. இப்பவும் சரியாத் தெரியாது.

இனி எங்க வீட்டுப் பெட்டிக்கு வாறேன்.

அம்மாயியோட தம்பி, எங்க சின்னத் தாத்தா, 1982இல இந்தியா போனவர். 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுக்கணும்னு ரெண்டு அரசாங்கமும் கணக்குப் போட்டுச்சே, அந்தக் கணக்கில ஒருத்தர். தலைமன்னார் போற ரயிலை இங்க ஒப்பாரிக் கோச்சின்னுதான் சொல்வாங்க. ஸ்டேசன்ல அவ்வளவு அழுகை. 1984இல கப்பலும் நின்னுபோச்சு. பாத்திரமும் துணியும் கட்டினதுக்குப் பிறகு புத்தகத்துக்கு இடமில்லை. "அக்கா, இத பத்திரமா வையி, பிறகு வந்து எடுத்துக்கிறேன்"னு ஒரு ட்ரங்குப் பெட்டியை அம்மாயி காம்பராவில வச்சுட்டுப் போயிருக்கிறார். வரல. கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்திலயே வேலை கிடைச்சு, அங்கேயே இருந்து, அங்கேயே செத்துப்போனார்.

பெட்டியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. பழைய பேப்பர்னு அம்மாயி சொல்வாங்க. உண்மையில அடுப்பு பத்த வைக்க அதிலிருந்துதான் ரெண்டு மூணு தாள் கிழிச்சு எடுப்பாங்க. அதை நானே சின்ன வயசில பார்த்திருக்கேன். மாயாவியைத் தேடி டவுனுக்கு ஓடின அதே நான், என் தலைக்கு மேல பரணில இருந்த பெட்டியை ஒரு நாள்கூட இறக்கிப் பார்க்கல. டவுனுக்குப் பக்கத்து சேர்ச் மயானத்தில ஜூலியா மார்கரெட் கெமரன் கல்லறை இருக்கு. 1879இல செத்துப்போன, உலகப் புகழ் பெற்ற புகைப்படக்காரி. வெளிநாட்டுக்காரங்க தேடி வந்து நிற்பாங்க. நாங்க அந்த வழியா டியூஷனுக்குப் போயிருக்கோம், திரும்பிப் பார்த்ததில்லை. அதே கதைதான்.

2019இல நான் கொழும்பில ஒரு கடையில வேலை. லயத்தில வீடு வீடா ஏறி இறங்கி பழைய புத்தகம் இருக்கான்னு கேட்டுக்கொண்டு பெட்டிக்கார அண்ணன் எங்க இஸ்தோப்புக்கும் வந்திருக்கிறார். அது என் வீடுன்னு அவருக்குத் தெரியாது. அம்மாயி சாயத்தண்ணி ஊத்திக் குடுத்து, பெட்டியையும் இறக்கிக் குடுத்திருக்காங்க. 63 புத்தகம். 2,000 ரூபா. அந்த வருஷம் தோட்டத்தில அடிப்படை நாட்சம்பளம் 700. மூணு நாள் பேருக்கும் குறைவு.

எனக்கு அது தெரிய வந்தது 2021 கடைசியில. விற்பனைக்குன்னு அவர் போனில அனுப்பின படங்களில ஒரு மாயாவி. முதல் பக்கத்தில நீல மையில பேர், தோட்டம், டிவிஷன், 1979. கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்து எங்க டிவிஷன். எங்க சின்னத் தாத்தா பேர். விலை 12,000. கீழே ஒரு குறிப்பு: "பேர் எழுதியிருக்கு, 3,000 குறைச்சுக்கலாம்."

அந்த ஒரு வரியைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

ஏன்னா அது அவருடைய விதி இல்லை, எங்களுடையது. சேர்க்கிற ஆட்களுக்கு 'கிளீன் கொப்பி' வேணும். பென்சில்ல பேர் எழுதியிருந்தா அவர் அழிரப்பரால பதமா அழிச்சிடுவார், தாள் உரியாம. அந்த வேலையில அவரை மிஞ்ச ஆளில்லை. மை அழியாது, அதால விலை குறையும். என்னிடம் அப்போ அவரிடம் வாங்கினது முப்பதுக்கு மேல இருந்தது. எடுத்து ஒவ்வொண்ணா முதல் பக்கத்தை வெளிச்சத்தில சாய்ச்சுப் பார்த்தேன். எட்டுப் புத்தகத்தில எழுத்து அழுந்தின தடம் இருந்தது. ஒண்ணுல 'கெம்பியன்'னு வாசிக்க முடிஞ்சது. "நல்ல கிளீனா இருக்கு"ன்னு சொல்லி, அந்தப் புத்தகத்தைத்தான் நான் நண்பர்களிடம் காட்டிக்கொண்டு திரிஞ்சேன்.

கோபத்தோட அவருக்குப் போன் எடுத்தேன். கேட்டுட்டு கொஞ்சம் பேசாம இருந்தார். பிறகு சொன்னார்: "தம்பி, அந்த 63ல 40 அரிச்சுப்போனது. ஒங்க அம்மாயி அன்னைக்கும் ரெண்டு தாள் கிழிச்சுத்தான் எனக்குத் தண்ணி கொதிக்க வச்சாங்க. நான் வரலன்னா இந்தப் புத்தகமும் அடுப்புலதான். வெல சரியில்லன்னு நீ சொல்லு, கேட்டுக்கிறேன். களவுன்னு சொல்லாத."

பதில் சொல்ல முடியல. ரெண்டும் உண்மை.

அமெரிக்காவில இதைவிடப் பெரிசா ஒண்ணு நடந்திருக்கு. கொலராடோவில எட்கர் சர்ச்னு ஒரு விளம்பர ஓவியர், 1930களின் கடைசியிலிருந்து புதுக் கொமிக்ஸா வாங்கி அடுக்கி வச்சிருந்தார். சுப்பர்மேன் முதன்முதலா வந்த 1938 'ஆக்‌ஷன் கொமிக்ஸ்' முதல் இதழும் அதில இருந்தது. 1977இல குடும்பத்தார் வீட்டைக் காலி பண்ணும்போது சக் ரொஸான்ஸ்கின்னு ஓர் இளம் வியாபாரி ஆயிரக்கணக்கான புத்தகங்களை மொத்தமா, சொற்பக் காசுக்கு வாங்கினார். அப்போ எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்த விலைப்பட்டியலையே தாண்டி விலை சொன்னார். திட்டினாங்க, திட்டிக்கொண்டே வாங்கினாங்க. அவர் கடை பேரால 'மைல் ஹை' கொப்பின்னு சொன்னா இன்னைக்கும் அதுக்குத் தனி மதிப்பு. அதே 'ஆக்‌ஷன்' முதல் இதழின் வேறொரு கொப்பி 2024இல 60 இலட்சம் டொலருக்குப் போச்சு. ரொஸான்ஸ்கியை ஒரு பாதி கொமிக்ஸைக் காப்பாத்தினவர்னு சொல்லுது, மறுபாதி வேற மாதிரி சொல்லுது.

ஆனா அந்தச் சண்டை முழுக்க எங்களுக்கு என்ன விலை சொன்னார்ங்கிறதைச் சுத்தித்தான் நடக்கும். பெட்டிக்கார அண்ணன் மேல எங்களுக்குள்ள இருக்கிற புகாரும் அப்படித்தான்: எனக்கு அட்டை போலி, எனக்குப் பிந்தித் தந்தார், எனக்கு விலை கூட. அவர் லயத்து வாசலில என்ன குடுத்து வாங்கினார்னு எங்களில ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. மலிவா எடுத்து எங்களுக்குக் கொண்டு வரணும்னுதான் நாங்க அவரை அனுப்பினோம். நாங்க கொண்டாடுற மாயாவியே முதல் கதையில நல்லவன் இல்லை. கண்ணுக்குத் தெரியாம போக முடிஞ்சதும் அவன் திருடத்தான் போனான். பிறகுதான் ஹீரோ.

9,000 ரூபாவுக்கு அந்தப் புத்தகத்தை வாங்கினேன். அந்த வருஷம் நாட்சம்பளம் 1,000 ஆகியிருந்தது, ஒன்பது நாள் பேர். முதல் பக்கத்தைப் படம் எடுத்து கோத்தகிரியில இருக்கிற சின்னத் தாத்தாவோட மகனுக்கு, எங்க மாமாவுக்கு, அனுப்பினேன். புத்தகத்தைப் பற்றி ஒண்ணும் கேட்கல. அப்பா எழுத்து இவ்வளவு அழகா இருக்கும்னு தெரியாதுன்னு மட்டும் சொன்னார். அவர் பார்த்ததெல்லாம் தோட்டத்தில போட்ட கையெழுத்துகள் மட்டும்தானாம்.

அம்மாயியிடம் காட்டினேன். மையைத் தடவிப் பார்த்தாங்க. "எவ்வளவுக்குடா வாங்கின?"

"அஞ்சூறு."

"இதுக்கா? அந்த மனுசன் மொத்தத்துக்குமே ரெண்டாயிரம் குடுத்தானே. ஏமாந்துட்டியேடா."

2022இல டொலர் 200லிருந்து 360 போனதும் சிவகாசியிலிருந்து புதுப் புத்தகம் எடுக்கிறது எங்களுக்குக் கனவாப்போச்சு. பழசுக்கு விலை இன்னும் ஏறிச்சு. 2023இல ஒரு நாள் பெட்டிக்கார அண்ணனே கூப்பிட்டார். "கொட்டியாகலைல ஒரு பெட்டி இருக்காம். வாறியா தம்பி?" போனேன்.

ஒரு அக்கா. மாமனார் வச்சிருந்ததாம். 40 புத்தகம் போல, பாதி ராணி காமிக்ஸ், எட்டுப் பத்து பழைய முத்து, ஒரு நல்ல ஸ்பைடர். அவர் வழக்கம் போல உதட்டைப் பிதுக்கி, "எல்லாம் அரிச்சிருக்கு அக்கா, ரெண்டாயிரத்தி ஐந்நூறு தாறேன்"னார். ஸ்பைடரை அடியில வச்சுட்டுத்தான் சொன்னார். எனக்கும் அந்த ஸ்பைடர் வேணும். ஒரு நிமிஷம் பேசாமத்தான் நின்னேன், பொய் சொல்லல. பிறகு குனிஞ்சு அதை எடுத்து மேல வச்சு, "அக்கா, இத தனியா வெல பேசுங்க, இது மட்டும் நாலாயிரம் போகும்"னேன்.

கடைசியில 7,000 குடுத்தார். எண்ணிக் குடுக்கும்போது என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில என் பக்கத்து சீட் காலியாத்தான் இருந்தது. அவர் பெட்டியை மடியில வச்சுக்கொண்டு டிரைவருக்குப் பின்னால போய் உட்கார்ந்துட்டார். டவுன்ல இறங்கினப்போ மட்டும், "அந்த ஸ்பைடர் உனக்குப் பத்தாயிரம்"னுட்டுப் போனார்.

இன்னும் வாங்கல. பேரம் போய்க்கொண்டிருக்கு.