மாமாவின்ர துவக்கு

எங்கட வீட்டில துவக்குக்கு ஒரு விலை இருக்கு. அம்மாவின்ர சீதனத்துக்கெண்டு சேர்த்து வைச்ச நகை முழுக்க. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் அதை வித்துத்தான் அவவின்ர பதினேழு வயதுத் தம்பியை, அதாவது என்ர மாமாவை, கனடாவுக்கு அனுப்பினவை. "இஞ்ச நிண்டா ஒரு பக்கம் கையில துவக்கைக் குடுக்கும், மற்றப் பக்கம் நெஞ்சுக்கு நேர துவக்கை நீட்டும்." ஏன் அனுப்பினீங்கள் எண்டு கேட்டால் அம்மா இதைத்தான் சொல்லுவா.

அதே மாமா போன வருசம் ஒரு துவக்கு வாங்கினார்.

வேட்டைக்கு இல்லை. மாமா அங்க லேத் மெசினில வேலை செய்கிறவர். தையல் மெசினோ சுவர் மணிக்கூடோ, பழைய இரும்புச் சாமான் எதைக் கண்டாலும் கழட்டிப் பூட்டிப் பார்க்க வேணும் அவருக்கு. வகுப்புக்குப் போய், சோதனை பாஸ் பண்ணி, லைசென்ஸ் எடுத்து, பூட்டுப் போட்ட இரும்பு அலுமாரியும் வாங்கித்தான் இதைச் செய்தவர். அதெல்லாம் அம்மாவுக்குத் தேவையில்லை. ஒரு மாதமா அவரோட கதைக்கேல்லை. அதனால படங்கள் எனக்கு வந்தது. "பிள்ளை, நீ ஹிஸ்ரிதானே படிக்கிறாய். இதில அடிச்சிருக்கிற முத்திரை என்னெண்டு பாத்துச் சொல்லு."

இரும்பில ஒரு முக்கோணம், அதுக்குள்ள ஒரு அம்பு. பக்கத்தில 1943. தேடிப் பார்த்தேன். ரஷ்யாவின் இஷெவ்ஸ்க் ஆலையின் முத்திரை அது. துவக்கின் பெயர் மொசின் நகான். செர்கேய் மொசின் என்ற ரஷ்ய அதிகாரியின் வடிவமைப்பும் நகான் என்ற பெல்ஜியக்காரரின் வடிவமைப்பும் சேர்ந்து 1891 இல் சார் மன்னரின் இராணுவத்துக்கு வந்தது. 1930 இல் கொஞ்சம் திருத்தினார்கள். ஐந்து சன்னம் போடலாம். மொத்தம் மூன்று கோடிக்கும் மேல் செய்திருக்கிறார்கள். மாமாவின் துவக்கில் அரத்தடமும் கடைசல் கோடும் அப்படியே தெரிகிறது. ஜெர்மன் படை நாட்டுக்குள் நிற்கும்போது அவசரமாகச் செய்தது, மினுக்க நேரமில்லை.

பிரச்சினை சுடுகிற திடலில்தான் தொடங்கினது. போல்ட் எண்டது துவக்கின்ர கதவு மாதிரி. பிடியை மேலே தூக்கிப் பின்னுக்கு இழுத்தால் வெறும் கோது வெளியே விழும். முன்னுக்குத் தள்ளினால் அடுத்த சன்னம் உள்ளே போகும். பிடியைக் கீழே மடக்கினால் கதவு பூட்டு. முதல் ஏழெட்டுச் சூட்டுக்கு எல்லாம் சரி. பிறகு பிடி மேலே வரவேயில்லை. மொசினின் பிடி கட்டை, கைக்குப் பெலன் கிடைக்காது. கடைசியில் துவக்கு வாயை இலக்குப் பக்கமே வைச்சுக்கொண்டு மரக்கட்டையால் தட்டித்தான் திறந்தாராம்.

அதுக்குப் பிறகு மாமா செய்தது எனக்குப் பிடிச்சது. அவர் அரத்தை எடுக்கேல்லை, எண்ணெய் ஊத்தேல்லை. முதலில் சன்னம் இல்லாமல் போல்டைப் போட்டுப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு போய் வந்தது. அப்ப போல்டில் பிழை இல்லை, சன்னம் போய் இருக்கிற அறையில்தான் பிழை. ஏன் முதல் ஏழெட்டுக்குச் சிக்கேல்லை? துவக்கு சூடாகாததால. அப்ப, சூடு பட்டால் இளகி ஒட்டுகிற ஏதோ ஒண்டு உள்ளே இருக்கு.

அது கிறீஸ். உலகப்போர் முடிந்தபின் சோவியத் ஆயுதச்சாலைகள் இந்தத் துவக்குகளைத் திருத்தி, துருப்பிடிக்காமல் தடிப்பான கிறீஸ் பூசி, பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்தன. 1991 இல் சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு அவை மலிவு விலையில் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் வந்தன. வெளியில் இருந்த கிறீசைத் துடைச்சுப்போட்டு வித்திட்டாங்கள். அறைக்குள்ள இருந்தது காய்ஞ்சு, கண்ணுக்குத் தெரியாத தோல் மாதிரிப் படிஞ்சு கிடந்தது. சுடேக்க கோது விரிந்து சுவரோடு அழுந்தும். சூட்டில் இளகின கிறீஸ் அதைப் பசை மாதிரிப் பிடித்துக்கொள்ளும்.

சுத்தம் செய்யும்போது வீடியோ கோல் எடுத்தார். தின்னரில் நனைத்த துணி, பிறகு கைத்துளைப்பானில் பூட்டின பித்தளைத் தூரிகை, திரும்பத் துணி. முதல் துணி தேத்தண்ணிச் சாயம் மாதிரி வந்தது. பத்தாவதும் அப்படித்தான். கடைசித் துணி வெள்ளையா வந்த பிறகு போல்டையும் கழட்டினார். அதுக்கு ஆயுதம் ஒண்டும் தேவையில்லை, கையாலேயே கழட்டலாம். திருப்பிப் பூட்டேக்கதான் கவனம் வேணும். சன்னத்தில் அடிக்கிற ஊசி சரியான அளவுக்கு வெளியே நீட்ட வேணும். அதை அளக்க அந்தத் துவக்கோடு வருகிற சாவியிலேயே 75, 95 எண்டு இரண்டு வெட்டு இருக்கு. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயியின் கையிலும் குடுக்க வேண்டி வரும் எண்டு நினைச்சுச் செய்த சாமான் போல இருந்தது.

அம்மா எனக்குப் பின்னால வந்து நிண்டதை நான் காணேல்லை.

"அதுக்குள்ள சன்னம் இருக்கோ?"

"இல்லை அக்கா. மூண்டு தரம் பாத்தனான்."

மாமா கழட்டின துண்டுகளை ஒவ்வொண்டாத் தூக்கிக் காட்டினார். "இஞ்ச பாருங்கோ அக்கா, கழட்டினா வெறும் இரும்பு. அந்த நாள் இதைக் கண்டா எனக்குக் கால் நடுங்கும்."

"உனக்கு இரும்பு. நீ இருக்கிற இடத்தில அது அலுமாரிக்குள்ள இருக்கு" எண்டா அம்மா. பிறகு கேட்டா: "சண்டை முடிஞ்சுதெண்டா உருக்க வேண்டியதுதானே. ஏன் கிறீஸ் பூசி வைச்சவங்கள்?"

மாமாவிட்ட பதில் இல்லை. நான் பிறகு தேடினேன். 2022 இல் கிழக்கு உக்ரைனில் ரஷ்ய சார்புப் படைகளின் கட்டுப்பாட்டில் இருந்த தொனெற்ஸ்க் பகுதியில் ஆண்களைக் கட்டாயமாகப் படையில் சேர்த்தார்கள். அவர்களில் பலரின் கையில் இருந்தது இதே மொசின். பல்கலைக்கழக மாணவர்களும் இருந்தார்கள். எங்கட வயசு. 1891 இல் வடிவமைத்த துவக்கோடு 2022 இல் சண்டைக்குப் போனார்கள். கிறீஸ் பூசினவர்களுக்குத் தாங்கள் என்ன செய்கிறோம் எண்டு தெரிஞ்சிருக்கு.

நாங்கள் துவக்கைப் பற்றி வீரமாக் கதைப்பம், இல்லாட்டி அழுவம், இல்லாட்டிப் பேசாமல் இருப்பம். அதை ஆர் செய்தது, ஆர் வித்தது, சண்டை முடிந்தபின் எந்தக் களஞ்சியத்தில் கிடக்கு எண்டு கேட்கிறது குறைவு. என்ர பாடப் புத்தகங்களிலும் போர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்த திகதியோடு முடிஞ்சு போகுது. துவக்குகள் அதுக்குப் பிறகும் இருக்கு.

அடுத்த கிழமை மாமா இருபது சன்னம் சுட்டுப் பார்த்தார். ஒருக்காவும் சிக்கேல்லையாம். "சந்தோசமோ பிள்ளை?" எண்டு கேட்டார். பிழையைக் கண்டுபிடிச்ச விதம் சந்தோசம் எண்டு சொன்னேன். எண்பது வருசப் பழைய துவக்கு ஒண்டு திரும்ப ஒழுங்கா வேலை செய்யுது எண்டதுக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை. அம்மா இப்ப அவரோட கதைக்கிறா. துவக்கைப் பற்றி மட்டும் கேட்கிறதில்லை.