சேவூரில் நடை இல்லாத நாள்

திருவண்ணாமலையிலிருந்து திருப்பதிக்கு நடை. போளூர் வழியாக இரண்டு நாளில் சுமார் 60 கிலோமீட்டர் வந்தாயிற்று. ஆரணியை ஒட்டிய சேவூரில் தெரிந்தவர் வீட்டுத் திண்ணை. மூன்றாம் நாளான இன்று நடை இல்லை.

*

விடிந்ததும் தறிச் சத்தத்துக்குக் காத்திருந்தேன். பட்டு நெய்கிற ஊர். தெருவோ அமைதியாகக் கிடக்கிறது. வீட்டுப் பெரியவரிடம் கேட்டேன். “இன்னிக்கு அமாவாசை தம்பி. தறியில உட்கார மாட்டோம்.” புரட்டாசி அமாவாசை. காக்கைக்கு வைக்க உள்ளே சோறு வெந்துகொண்டிருந்தது.

*

கால் கணக்கு: இடது குதிகாலில் ஒரு கொப்புளம். கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இருக்கின்றன. திண்ணைப்படி இறங்கும்போது தொடையில் சுருக்கென்கிறது. பழகாத உழைப்பின் வலி அன்றே முழுசாகத் தெரியாது. அடுத்த ஒன்றிரண்டு நாளில்தான் உச்சத்துக்கு ஏறும். முதல் நாள் தெம்பை நம்பி நடக்கிறவர்கள் மூன்றாம் நாள் உட்கார்ந்துவிடுவது இதனால்தான்.

*

தசையில் சேமித்திருக்கும் மாவுச்சத்து தீர்ந்தால், நன்றாகச் சாப்பிட்டாலும் மறுபடி நிரம்ப ஒரு நாளாவது ஆகும். மதியம் இலையில் பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயசம். இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினேன். இன்றைய வேலையே அதுதான்.

*

சாப்பிட்டபின் பெரியவர் தறியைக் காட்டினார். குழித்தறி. குழிக்குள் காலைத் தொங்கவிட்டு நாள் முழுக்க மிதிக்க வேண்டும். மிதிக்க மிதிக்கப் பாவு பிரியும், நடுவே நாடா ஓடும். கை வேலை என்று நாம் சொல்கிறோம். பாதி வேலை காலுக்கு. “வலி வந்தப்புறம் ஓய்வெடுத்தா அது ஓய்வு இல்ல தம்பி, வைத்தியம்” என்றார். பாவு பாதியில் நின்றாலும் அமாவாசைக்குத் தறி ஏறுவதில்லை. உடம்பு கேட்கட்டும் என்று விடாமல், ஓய்வு நாளை முன்பே குறித்துவிட்டார்கள்.

*

1930 மார்ச் 12 அன்று சபர்மதியிலிருந்து புறப்பட்ட காந்திக்கு அப்போது வயது 60. தண்டிக்கு 385 கிலோமீட்டர் போல, 24 நாள். திங்கட்கிழமை அவருக்கு மவுன நாள். அன்று நடையும் கிடையாது. நாடே வழி பார்த்திருந்தபோதும் திங்களை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஏப்ரல் 5 அன்று தண்டி சேர்ந்தார், மறுநாள் உப்பெடுத்தார்.

*

அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பாதை சுமார் 3,500 கிலோமீட்டர். முழுதும் நடக்கிறவர்கள், அடியெடுத்து வைக்காத நாளை ‘ஜீரோ’ என்பார்கள். கொஞ்சமாக நடந்து சீக்கிரம் தங்கிவிடும் நாள் ‘நீரோ’. தனிப் பெயர் வைக்கும் அளவுக்கு அந்த நாட்களுக்கு அங்கே மரியாதை.

*

சாயங்காலம் பை இல்லாமல், செருப்போடு தெருக்கோடி வரை போய் வந்தேன். மெதுவாக நடந்தால் கால் இளகுகிறது. திரும்பி வந்ததும் வெந்நீரில் கல்லுப்பு போட்டுக் காலை வைத்தேன். கொப்புளத்தின் மேல் தோலை உரிக்கவில்லை. சுத்தமான துணியால் கட்டினேன். காலுறைகள் கொடியில் காய்ந்துவிட்டன.

*

காலை நாலு மணிக்குப் புறப்பாடு. நான் போன பிறகு இந்தத் தெருவில் தறி ஓடத் தொடங்கும். அடுத்த ஓய்வு நாளுக்கு இப்போதே நோட்டில் தேதி போட்டுவிட்டேன். அன்று கால் எவ்வளவு நன்றாக இருந்தாலும் உட்காருவேன்.