சீனி போடாத கடற்பாசி



பெருநாள் போட்டோ போட்டதிலிருந்து இன்பொக்ஸில் ஒரே கேள்விதான். "டீச்சர், மெலிஞ்சிட்டீங்க, ஏதோ ஜெலி சாப்பிடுறீங்களாமே, அது என்ன?" ஸ்டாஃப் ரூமில் கேட்டார்கள். மத்ரஸா வாசலில் பிள்ளைகளைக் கூட்டிப்போக நின்ற உம்மாமார் கேட்டார்கள். போன கிழமை மீன் வாங்கப் போன இடத்திலும் ஒருவர் கேட்டார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடலாம் என்று பார்த்தேன். கொஞ்சம் நீளம். செய்முறை நடுவில் இருக்கிறது. அதை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடாமல் கீழே உள்ளதையும் வாசியுங்கள். அதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

டிசம்பர் விடுமுறையில் கிளினிக்கில் இரத்தம் கொடுத்தேன். மூன்று மாதச் சீனி அளவைக் காட்டும் அந்தப் பரிசோதனையில் எனக்கு 6.2 வந்தது. "5.7க்குக் கீழே இருந்தால் நல்லம், 6.5 வந்தால் சீனி வருத்தம், நீங்க நடுவுல நிக்கிறீங்க" என்றார் டொக்டர். எடை 79 கிலோ. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வாப்பாவின் கால்தான் நினைவில். முதலில் இரண்டு விரல் எடுத்தார்கள், பிறகு பாதம். கடைசி இரண்டு வருடமும் ஜும்ஆவுக்கு நானாதான் தூக்கிக்கொண்டு போய் ஓட்டோவில் ஏற்றுவார். அந்த வீட்டில் பிறந்தவளுக்கு 6.2 என்பது வெறும் இலக்கம் இல்லை.

அந்த நேரம்தான் கட்டாரில் இருக்கும் சாச்சியின் மகள் ஒரு வீடியோ அனுப்பினாள். சாப்பாட்டுக்கு முன் ஒரு கப் ஜெலட்டின் குடித்தால் கொழுப்பு கரையுமாம். நீங்களும் பார்த்திருப்பீர்கள். வீடியோவோடு நிற்காமல், ஊருக்கு வந்த ஒருவரிடம் இரண்டு பெட்டியும் கொடுத்துவிட்டிருந்தாள். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் "ஜெலட்டின்" என்று மட்டும் இருக்கிறது. ஜெலட்டின் என்பது மிருகத்தின் தோலையும் எலும்பையும் அவித்து எடுப்பது. பன்றித் தோலிலிருந்தும் நிறையச் செய்கிறார்கள். மாடு என்றாலும் அறுத்த முறை என்ன என்ற கேள்வி இருக்கிறது. ஹலால் முத்திரை இல்லை. பாவம், அவள் அன்போடு அனுப்பியது, ஆனால் நான் பாவிக்கவில்லை. அதோடு நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். ஜெலட்டின் ஒரு புரதம். கொஞ்ச நேரம் வயிறு நிறைந்த மாதிரி இருக்கலாம். உடம்பில் இருக்கும் கொழுப்பைப் போய்க் கரைக்கும் வேலை அதற்கு இல்லை.

உம்மாதான் சொன்னா, "நம்மட கடலுக்குள்ள கெடக்குற சாமான உட்டுட்டு எங்கயோ உள்ளதத் தேடுறா." உண்மைதானே. நம் களப்பில் விளையும் பாசியை வெள்ளைக்காரன் காலத்திலேயே "சிலோன் மொஸ்" என்று பெயர் வைத்து அழைத்தார்கள். உம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது உம்மும்மா அதை நல்ல தண்ணீரில் அலசி, பாயில் பரத்தி, திரும்பத் திரும்ப நனைத்துக் காயப்போட்டு வெள்ளையாக்கி எடுப்பாவாம். பிறகு அவித்து, சீலையில் வடித்து, தேங்காய்ப்பாலும் சீனியும் போட்டு உறைய வைப்பது. இப்போது யாருக்கு அந்தப் பொறுமை? கடையில் நார் நாராகக் கட்டி விற்கும் கடற்பாசியைத்தான் நானும் வாங்குகிறேன். பக்கட்டில் 406 என்ற இலக்கம் இருந்தால் அது கடற்பாசி. செடி வகை, பயமில்லை.

நோன்பு திறக்க நம் வீடுகளில் செய்யும் கடற்பாசி மெலிய வைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உம்மாவின் கைப்பக்குவம் ஒரு தட்டுக்கு ஒரு டின்பால், அதற்கு மேல் ஒரு கப் சீனி. டின்பாலிலேயே கிட்டத்தட்ட பாதி சீனிதான். பாசியில் ஒன்றும் இல்லை, நார்ச்சத்தும் தண்ணீரும்தான். உடம்பு வைப்பது நாம் அதற்குள் ஊற்றுவதால்.

முதல் தடவை சீனி, பால் ஒன்றும் இல்லாமல் செய்தேன். என் சின்னவன் கடித்துப் பார்த்துவிட்டு "உம்மா, இது ரப்பர்" என்றான். இரண்டாம் தடவை தேசிக்காயைப் பிழிந்து பாசியோடு சேர்த்தே கொதிக்க வைத்தேன். விடியும் வரைக்கும் உறையவில்லை. புளியோடு சேர்த்துக் கொதித்தால் பாசியின் பிடி விட்டுவிடும். படிப்பிக்கிறவளுக்கே அது சட்டியைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. மூன்றாம் தடவை இளநீரைப் பிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றினேன். சட்டிக்குள்ளேயே நூல் நூலாக உறைந்துவிட்டது. பாசி சூடு ஆறி 40 பாகைக்குக் கிட்ட வந்தாலே உறையத் தொடங்கும், அதற்கு பிரிட்ஜ் தேவையில்லை. உறைந்த பிறகு நம் ஊர் வெயிலுக்கும் உருகாது. கரண்ட் போனாலும் கவலையில்லை. ஜெலட்டின் என்றால் மேசையிலேயே தண்ணீராகிவிடும்.

இப்போது செய்வது இப்படி. 10 கிராம் கடற்பாசியைக் கத்தரித்து அரை மணித்தியாலம் ஊறவையுங்கள். பிழிந்து எடுத்து 600 மில்லிலீற்றர் தண்ணீரில், ஒரு துண்டு ரம்பை, ஒரு துண்டு கறுவாப்பட்டை, ஒரு சிட்டிகை உப்பு போட்டு, மெல்லிய நெருப்பில் ஒரு நார்கூடத் தெரியாத வரைக்கும் கிளறிக் காய்ச்சுங்கள். எனக்குப் பதினைந்து நிமிடம் எடுக்கும். வடித்து, நெருப்பிலிருந்து இறக்கிய பிறகு, இளஞ்சூடாக்கிய இளநீர் 400 மில்லிலீற்றர் ஊற்றுங்கள். கடைசியில் மூன்று கொடித்தோடம்பழத்தின் சாறு. ஊறவைத்த கசகசா ஒரு கரண்டி. தட்டில் ஊற்றி விட்டுவிடுங்கள், உறைந்ததும் துண்டு போடுங்கள். சீனி இல்லை என்று நான் சொல்வது நாம் போடவில்லை என்ற கருத்தில்தான். இளநீரிலும் பழத்திலும் அதனதன் இனிப்பு இருக்கிறது. செவ்விளநீர் என்றால் இன்னும் கொஞ்சம் கூட. பாசித்தூள் வாங்குகிறவர்கள் தயவுசெய்து அதை அப்படியே வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்க வேண்டாம். தொண்டையில் ஊதி அடைத்துக்கொள்ளும்.

இதில் ஆறு துண்டை இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிடுவேன். முன்பு அந்த நேரத்தில் பிஸ்கட்டும் பிளேன்டீயும் ஓடும். ஒரு நாளைக்கு ஐந்து பிளேன்டீ, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி சீனி. கூட்டிப் பார்த்தால் தேநீரில் மட்டும் 40 கிராமுக்குக் குறையாது. அதை விட்டேன், அஸருக்குப் பிறகு கடற்கரைப் பக்கம் நடந்தேன். பெருநாளைக்கு 73 கிலோ. அல்ஹம்துலில்லாஹ். பாசி செய்த வேலை என்றால், வாய் கேட்கும் நேரத்தில் வாய்க்கு ஒன்று கொடுத்தது. அவ்வளவுதான்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

ஜனவரியில், இது கைக்கு வந்த சந்தோஷத்தில், உம்மாவையும் திருத்தப் பார்த்தேன். உம்மாவுக்கு வயது 71, பதினான்கு வருடமாகச் சீனி வருத்தம், காலையிலும் இரவிலும் குளிசை. "இரவுக்குச் சோறு வேணாம் உம்மா, இதச் சாப்பிடுங்க, வயிறு நிறையும்" என்று ஒரு கிண்ணம் வைத்துக் கொடுத்தேன். முகத்தைச் சுழித்தாலும் என் மனம் நோகக் கூடாது என்று சாப்பிட்டா. வழமை போலக் குளிசையையும் போட்டுக்கொண்டா. நான் கொடுத்ததில் குளிசைக்கு வேலை செய்ய ஒன்றுமே இல்லை என்பது என் புத்தியில் ஏறவில்லை.

இரவு இரண்டு மணி இருக்கும். சுவரில் தட்டுகிற சத்தம். போய்ப் பார்த்தால் உம்மா கட்டிலில் இருக்கிறா, உடுப்பெல்லாம் வேர்வையில் நனைந்து, கை நடுங்குகிறது. என்னைப் பார்த்து மூத்த ராத்தாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டா. அந்த நிமிடம் எனக்கு உயிர் போய்விட்டது. அவர் ஓடிப்போய் மெஷினை எடுத்துவந்து விரலில் குத்திப் பார்த்தார். 52. கை நடுங்க நடுங்க ஒரு கப் தண்ணீரில் நான்கு கரண்டி சீனி போட்டுக் கரைத்துக் கொண்டுவந்தேன். ஒரு மாதமாக அலுமாரியின் மேல்தட்டில் யாருக்கும் எட்டாமல் நானே ஒளித்துவைத்த சீனி. விழுங்க முடிந்ததால் மிடறு மிடறாகக் குடித்தா. பதினைந்து நிமிடத்தில் திரும்பப் பார்த்தோம், 81. பிறகு ஒரு துண்டு பாண் கொடுத்தோம். சுபஹ் வரைக்கும் காலடியில் இருந்தேன்.

காலையில் டொக்டரிடம் போனபோது அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் லேசாக இருந்திருக்கும். "இந்தக் குளிசை போடுறவங்க சாப்பாட்டைத் தவிர்க்கக் கூடாது, குறைக்கிறதென்றா முதல்ல எங்கட்ட கேளுங்க" என்று மட்டும் சொன்னார்.

ஆகவே, என்னிடம் செய்முறை கேட்ட எல்லோரிடமும் கேட்கிறேன். உங்கள் வீட்டில் சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுகிறவர்கள், இன்சுலின் எடுக்கிறவர்கள் இருந்தால், இதைச் சாப்பாட்டுக்குப் பதிலாகக் கொடுக்காதீர்கள். சோறோ ரொட்டியோ அளவாகச் சாப்பிட்ட பிறகு இரண்டு துண்டு என்றால் சரி. வளர்கிற குமர்ப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். என் வகுப்பிலேயே இரண்டு பேர் இதைக் கேட்டார்கள், இருவரும் காற்றடித்தால் விழுகிற பிள்ளைகள். அவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

நோன்பு மாதம் முழுக்க எங்கள் வீட்டில் இரண்டு தட்டு இருந்தது. ஒன்று என்னுடையது, மற்றது உம்மாவின் டின்பால் தட்டு, பிள்ளைகளுக்கும் பக்கத்து வீட்டுக்கும். டொக்டர் வேண்டாம் என்றதால் உம்மா இந்தமுறை நோன்பு பிடிக்கவில்லை. அதில் அவவுக்கு இன்னும் மனம் ஆறவில்லை. ஆனாலும் மஃரிபுக்கு எங்களோடுதான் பாயில் உட்காருவா. என் தட்டில் ஒரு துண்டு எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, "இப்ப கொஞ்சம் திங்கேலும் போல இரிக்கி. சோறு திண்டுட்டேன், எழுதி வெச்சுக்க" என்பா.

அடுத்த மாதம் நான் மறுபடி இரத்தம் கொடுக்க வேண்டும். எல்லோரும் துஆச் செய்யுங்கள்.