56 பவுண்ஸ்

இங்கிலாந்தில் பல்கலைக்கழகம் போகும் எங்கள் பிள்ளைகளின் தலையில் இரண்டு கடன்கள் ஏறுகின்றன. ஒன்றைப் பற்றி வீடே பேசும். மற்றதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடுவதில்லை.

வீடு பேசுவது மாணவர் கடன். தொகையைக் கேட்டால் தலை சுற்றும். ஆனாலும் அதற்கு நான் அவ்வளவு பயப்படுவதில்லை. 2023 ஆகஸ்ட் முதல் இங்கிலாந்தில் முதல் பட்டப்படிப்பில் சேர்ந்த பிள்ளைக்கு ஆண்டுச் சம்பளம் 25,000 பவுண்ஸைத் தாண்டினால், தாண்டிய காசில் நூற்றுக்கு 9 வெட்டுவார்கள். வேலை போனால் வெட்டும் நிற்கும். 40 ஆண்டு கழித்து மிச்சம் தள்ளுபடி.

மூச்சு விடாதது ஓவர்டிராஃப்ட். மாணவர் கணக்கில் காசு முடிந்த பிறகும் எடுக்க வங்கி வட்டியில்லாமல் தருவது. ஆயிரம், இரண்டாயிரம், சில வங்கிகளில் மூவாயிரம் வரைக்கும் போகும். (விசாவில் வந்து படிக்கிற பிள்ளைகளுக்கு இது பெரும்பாலும் கிடைப்பதில்லை. அதுவும் ஒரு வகையில் நல்லதுதான்.) உனக்குச் சம்பளம் வருகிறதா என்று இந்தக் கடன் பார்க்காது. வங்கி நினைத்தால் எப்போதும் திருப்பிக் கேட்கலாம்.

படிப்பு முடிக்கிற ஆண்டில் மருமகள் ஒருத்தி போனில் தன் கணக்கைக் காட்டினாள். கழித்தல் குறி போட்டு 1,740. கீழே சின்ன எழுத்தில் லிமிட் 2,000. "இன்னும் 260 கிடக்கு மாமா" என்றாள். கிடப்பது வங்கியின் காசு. முன்பெல்லாம் வங்கிகளே ஓவர்டிராஃப்டையும் கூட்டி, 'கையிருப்பு' என்று காட்டின. 2019 டிசம்பரில் அதைத் தடுத்துவிட்டார்கள். திரையில் மாறியது பிள்ளைகளின் மனக்கணக்கில் இன்னும் மாறவில்லை.

பட்டம் கிடைத்ததும் கணக்கு பட்டதாரிக் கணக்காக மாறும். வட்டியில்லாத எல்லை வருடாவருடம் இறங்கும்: முதல் ஆண்டு 2,000, அடுத்து 1,500, பிறகு 1,000 என்ற மாதிரி. வங்கிக்கு வங்கி இது வேறுபடும். சில வங்கிகள் முன்னதாகவே நிறுத்திவிடும். அதன் பிறகு சாதாரண வட்டி. 2020 ஏப்ரலில் நாட்கட்டணம், மாதக்கட்டணம் எல்லாவற்றையும் ஒழித்து ஒரே வட்டி வீதம் என்று விதி வந்தபோது, பெரிய வங்கிகள் பலவும் 40 வீதத்தை ஒட்டியே போய் நின்றன.

இனிக் கணக்கைப் பாருங்கள். 2,000 பவுண்ஸ் கடன், வட்டியில்லாத மூன்று ஆண்டு. மாதம் 56 பவுண்ஸ் கட்டினால் 36 மாதத்தில் கடன் அடைந்து, சில்லறையும் மிஞ்சும். கட்டாமல் விட்டு, 39.9 வீத வட்டிக்குள் அதே 2,000த்தோடு போய் விழுந்தால், அந்த 56 பவுண்ஸ் அந்த மாத வட்டிக்கே போதாது.

வழி கடினமானதல்ல. சம்பளத்தைப் பழைய கணக்கில் விழவிடாதீர்கள். விழுந்த சம்பளம் கடன் குழிக்குள் மறையும், மாதக் கடைசியில் திரும்பவும் குழிக்குள் இறங்குவீர்கள். வேறு வங்கியில் ஒரு கணக்குத் திறந்து சம்பளத்தை அங்கே போடச் சொல்லுங்கள். சம்பளத்துக்கு மறுநாள் 56 பவுண்ஸ் தானாகவே பழைய கணக்குக்குப் போகட்டும். நூறு, இருநூறு அடைந்ததும் லிமிட்டையும் அந்த அளவுக்குக் குறைக்கச் சொல்லி வங்கியிடம் நீங்களே கேளுங்கள். கேட்காவிட்டால், அடைத்தது அடுத்த விடுமுறைப் பயணத்தில் திரும்ப ஏறிவிடும்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். கடனில் வாங்கிய காரை வாசலில் நிறுத்துவார்கள். ஆயிரம் பவுண்ஸ் ஓவர்டிராஃப்டை அம்மாவுக்கும் சொல்லமாட்டார்கள். கட்ட முடியாத நிலை வந்தால் வங்கியின் கடிதம் வருமுன் நீங்களே பேசுங்கள். தவணை தவறிக் கணக்கு 'டிஃபால்ட்' ஆனால் அந்தப் பதிவு உங்கள் கடன் வரலாற்றில் ஆறு ஆண்டு கிடக்கும். வீட்டுக் கடனுக்குப் போகும்போது முன்னால் வந்து நிற்கும். காசு வாங்கிக்கொண்டு கடன் தீர்ப்பதாக விளம்பரம் போடுகிறவர்களிடம் போகவேண்டாம். ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெட்லைன் என்ற அமைப்புகள் இரண்டும் இலவசமாகவே ஆலோசனை சொல்கின்றன. பேசுகிறவர் முதலில் வருமானம், வாடகை, சாப்பாடு, பயணச் செலவு என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். அவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.